வெப்பக் கமரா வாங்கப் போனால் ‘ஆளில்லா விமானத்தில் பூட்டமாட்டேன்’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான் இறுதியாண்டு மாணவன். எங்கள் பக்கத்தில் அறுவடை நெருங்கினால் யானைக் காவலுக்கு ஆள் போகாத இரவே கிடையாது. காட்டோரத்தில் யானை நிற்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் அது வரம்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு யானை வெடியும் கூச்சலும்தான். வெப்பக் கமரா பூட்டிய சிறிய நான்கு விசிறி ட்ரோன் ஒன்றை மேலே அனுப்பி, யானை பற்றைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்துக் காவல் குடிலுக்குச் செய்தி அனுப்புவதுதான் என் செயற்றிட்டம்.

ட்ரோனைக் கூட்டி முடித்தாயிற்று. கமராவுக்கு மட்டும் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் எழுதிக் கேட்டேன். பணம் கட்டும் முன்பே இரண்டு பக்கப் படிவம் ஒன்று வந்திருக்கிறது. யார் வாங்குகிறார், எங்கே வைத்திருப்பார், எதில் பூட்டுவார், வேறு நாட்டுக்குக் கைமாற்றுவாரா என்று வரிசையாகக் கேள்விகள். அதுவரை சரி. கடைசிப் பந்தியில், ‘இப்பொருளை அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்களிலோ ஏவுகணைகளிலோ ஆளில்லா விமானங்களிலோ பயன்படுத்தமாட்டேன்’ என்று ஒரு வசனம். அதற்குக் கீழே கையெழுத்துக் கோடு.

நான் வாங்குவதே ஆளில்லா விமானத்தில் பூட்டத்தான். பொய்யென்று தெரிந்து கையெழுத்து வைப்பதா, கமராவைக் கைவிடுவதா?

இன்னொன்றும் புரியவில்லை. அந்தக் கமராவில் இரண்டு வகை உண்டு. ஒன்று நொடிக்கு 9 படம் தருகிறது, மற்றது 60. வில்லையும் உணரியும் ஒன்றுபோலவே தெரிகின்றன. 9 உடனே அனுப்பலாமாம். 60 வேண்டுமென்றால் ஏற்றுமதி உரிமம் எடுக்க வேண்டுமாம். ஏன்?

கப்பல்காரன்

தம்பி, அப்படியே கையெழுத்து வைக்காதீர்கள். கமராவைக் கைவிடவும் தேவையில்லை. துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் சரக்கு ஆவணங்களோடு மாரடித்தவன் என்பதால் சொல்கிறேன், இதற்கு ‘இறுதிப் பயனாளர் உறுதிமொழி’ என்று பெயர். விற்பவரை அவருடைய நாட்டுச் சட்டம் மிரட்டுகிறது. அவர் அந்த மிரட்டலை ஒரு படிவமாக்கி வாங்குபவரின் தலையில் கட்டிவிடுகிறார்.

உங்களைத் தடுமாற வைத்த அந்த வசனம், ஒரு நீண்ட விதியைக் கத்தரித்துச் செய்த வசனம். அமெரிக்க ஏற்றுமதி விதிகளில் அது குறிப்பது இரண்டு சங்கதிகளை. ஒன்று, குறிப்பிட்ட சில நாடுகளில் 300 கிலோமீற்றரும் அதற்கு மேலும் போகக்கூடிய ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும். மற்றது, எந்தத் தூரம் போனாலும் அணு, இரசாயன, உயிரியல் ஆயுதத்தைச் சுமக்கப் போகிறவை. விற்பனையாளரின் சட்டப்பிரிவு கிலோமீற்றரை வெட்டி எறிந்துவிட்டு வெறும் ‘ஆளில்லா விமானம்’ என்று போட்டுவிட்டது. வழக்கமாக நடப்பதுதான். அகலமாக எழுதினால் தங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

அந்த 300 எங்கிருந்து வந்தது? 1987இல் ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஒன்றை உருவாக்கின. 500 கிலோ சுமையை 300 கிலோமீற்றர் கொண்டுபோகக்கூடிய எதையும் விற்பதில்லை என்பதே ஏறக்குறைய அதன் முதல் வகுப்பு. தொடக்ககால அணுகுண்டு ஒன்றின் நிறையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. திருகோணமலையிலிருந்து காலிக்கு நேர்கோட்டில் பறந்தால் ஏறத்தாழ அந்தத் தூரம் வரும். உங்கள் ட்ரோன் தம்பலகாமம் சந்தியைத் தாண்டுமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த வசனத்தில் ‘ஆளில்லா விமானங்கள்’ என்பதைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் உங்கள் ட்ரோனின் உண்மையான விபரத்தை எழுதுங்கள்: நிறை எவ்வளவு, எத்தனை நிமிடம் பறக்கும், எவ்வளவு தூரம், எதற்கு. வெட்டிய இடத்தில் சிறு கையெழுத்து. இவற்றோடு துறைத்தலைவரின் கடிதத்தாளில் ஒரு கடிதமும் இருக்கட்டும்.

வசெனார் என்று இன்னொரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாடு உண்டு, 1996இல் தொடங்கியது, 42 நாடுகள். ட்ரோன் முழுதாகக் கைமாறும்போது அதன் பட்டியலைப் பார்க்க வேண்டும். பறக்கும் நேரம் அரை மணிக்குக் குறைந்தால் பட்டியலுக்குள்ளேயே வராது. அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்டதென்றால், மணிக்கு 46.3 கிலோமீற்றர் வேகக் காற்றடிப்பிலும் கிளம்பக்கூடியதா என்று பார்ப்பார்கள். ஒரு மணியைத் தாண்டினால், இயக்குபவரின் கண்ணுக்கு எட்டாமலும் பறக்கக்கூடியதெல்லாம் வந்துவிடும்.

உவர்மலை_ஆசிரியை

60, 9 பற்றி நான் சொல்கிறேன். பௌதிகவியல் படிப்பிப்பவளுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைப்பதே அபூர்வம்.

நொடிக்கு 9 படத்தைத் தாண்டாத குளிரூட்டப்படாத வெப்பக் கமராக்களுக்கு வசெனார் பட்டியலில் விலக்கு உண்டு. அதனால்தான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய வெப்பக் கமரா எல்லாம் 9ஐ ஒட்டியே நிற்கின்றன. கைபேசிகளிலும் சிறு கருவிகளிலும் பூட்டும் லெப்டன் என்ற சில்லு நொடிக்கு 8.7 படம் தருவது. தொழிற்சாலையால் முடியாமல் அல்ல, கோட்டுக்குள் நிற்பதற்காக.

ஏன் 9 என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கும் யானை நொடிக்கு ஒன்றரை மீற்றர் போகிறது என்று வைப்போம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது நகர்வது 17 சென்ரிமீற்றர். அவ்வளவு பெரிய உடம்பில் 17 சென்ரிமீற்றர் ஒரு பொருட்டே இல்லை. இப்போது மணிக்கு 180 கிலோமீற்றரில் இலக்கை நோக்கிப் பாயும் ஒன்றில் அதே கமராவைப் பூட்டுங்கள். நொடிக்கு 50 மீற்றர். இரண்டு படங்களுக்கு இடையில் ஐந்தரை மீற்றர் போயிருக்கும். கடைசி நொடிகளில் திருத்திக்கொண்டு போய் வாகனத்தின் கூரையில் இடிக்க வேண்டிய கருவிக்கு அது குருட்டுத்தனம். யானையைப் பார்ப்பவனுக்குப் போதும், துரத்தி அடிப்பவனுக்குப் போதாது. யாரோ நன்றாக யோசித்துத்தான் கோடு கிழித்திருக்கிறார்கள்.

ஆகவே தம்பி, உங்களுக்கு 9 தாராளம். ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துப் படமெடுங்கள். பறந்துகொண்டே எடுத்தால் படம் இழுபடும்.

சந்தேகப்பிராணி

ஆகா, என்ன நேர்த்தி! யானைக்கு 9, ஆளைக் கொல்ல 60, நடுவில் ஒரு படிவம். உலகம் பத்திரமாக இருக்கிறது.

உக்ரேனில் விழுந்த ஈரானிய ட்ரோன்களைப் பிரித்துப் பார்த்து கொன்ஃபிளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பு 2022இல் எழுதியதை யாராவது வாசித்தீர்களா? உள்ளே இருந்த பாகங்களில் ஐந்தில் நான்குக்கும் மேலானவை அமெரிக்க நிறுவனங்களின் தயாரிப்பு. அந்த ட்ரோன்களில் ஒன்றான ஷாஹெட் 136இன் இயந்திரம் ஜெர்மனியின் லிம்பாக் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல். ஈரான் மீது பல பத்தாண்டுகளாகத் தடை இருக்கிறது. அதே ட்ரோனை இப்போது ரஷ்யா தன் மண்ணிலேயே, தத்தாரிஸ்தானில் தொழிற்சாலை போட்டு, வேறு பெயரில் செய்து தள்ளுகிறது.

அங்கே ஆயிரக்கணக்கில் சில்லு போகும்போது தூங்கியவர்கள், தம்பலகாமத்துப் பொடியன் ஒற்றைக் கமரா கேட்டதும் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய மீன் கிழித்துக்கொண்டு போகும், நெத்தலிதான் வலையில் கிடக்கும். திருக்கடலூரில் போய்க் கேளுங்கள், சின்னப் பிள்ளையும் சொல்லும்.

கடலோரம்

பின்தொடர்கிறேன். நல்ல இழை.

கப்பல்காரன்

சந்தேகப்பிராணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சில்லைத் தடுப்பது கடினம், ஏனென்றால் அது ஆயுதச் சில்லே இல்லை. சலவை இயந்திரத்திலும் காரிலும் இருப்பது. செய்தவர் மொத்த விநியோகத்தருக்கு விற்கிறார், அவர் சில்லறைக்காரருக்கு, அவர் போன மாதம் பதிவான ஒரு கம்பனிக்கு. மூன்றாம் கையிலிருந்து எங்கே போனது என்று செய்தவருக்கே தெரியாது. இதைச் சமாளிக்க அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் ஜப்பானும் சேர்ந்து, போர்க்களத்தில் விழுந்த ஆயுதங்களில் அடிக்கடி அகப்பட்ட பாகங்களைச் சுங்கக் குறியீட்டு வாரியாகப் பட்டியல் போட்டன. 50 குறியீடுகள். முதல் வரிசையில் நிற்பவை நான்கு, நான்கும் 8542 என்ற தலைப்பின் கீழ் வரும் சில்லுகள். 2024 மார்ச் முதல் ஐரோப்பிய விற்பனையாளர்கள் இப்படிப்பட்ட பொருட்களை வெளியே விற்கும்போது ‘ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்யக்கூடாது’ என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். உங்களுக்கு வரும் படிவங்கள் நீண்டுகொண்டே போவதற்கு இதுவும் காரணம்.

ஏற்காத பாதி இது. எல்லாப் பாகமும் சில்லுப் போன்றதல்ல. துருக்கியின் பைரக்தார் டிபி2 ட்ரோனை எடுங்கள். அதன் கண், கனடாவில் செய்த வெஸ்காம் கமரா. இலக்கைப் பார்த்து லேசர்க் கதிரால் குறிவைத்துக் கொடுப்பது அதுதான். 2020இல் நகோர்னோ-கராபாக் போரில் அந்த ட்ரோன்கள் பறந்தபோது கனடா ஒக்டோபரில் ஏற்றுமதியை இடைநிறுத்தியது. 2021 ஏப்ரலில் உரிமங்களையே ரத்துச் செய்தது. அதே 2020 ஒக்டோபரில், அதன் ரோட்டக்ஸ் இயந்திரத்தைச் செய்யும் ஒஸ்திரிய நிறுவனத்தின் தாய்க் கம்பனியும் விநியோகத்தை நிறுத்தியது. அது சின்னச் சுற்றுலா விமானங்களில் ஓடும் சாதாரண இயந்திரம். தாங்கள் விற்ற சாமான் ட்ரோனில் இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்ற தொனியில் அறிக்கை வந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இப்படிப் பத்து விரலுக்குள் அடங்கும் உற்பத்தியாளர்கள் மட்டும் செய்யக்கூடிய பாகம் இருந்தால் கட்டுப்பாடு கடிக்கிறது.

சந்தேகப்பிராணி

கடித்து என்ன ஆனது? துருக்கி அசெல்சான் என்ற தன் சொந்தக் கம்பனியின் கமராவைப் பூட்டி விற்றது. கடைசியில் 2024 ஜனவரியில், சுவீடனை நேட்டோவில் சேர்க்கத் துருக்கி சம்மதித்த கையோடு, கனடா கதவைத் திரும்பவும் திறந்துவிட்டது. உறுதிமொழி மீறப்பட்டது என்று சொல்லிப் பூட்டியதைப் பேரம் பேசித் திறந்தார்கள். இதற்குப் பெயர் கட்டுப்பாடா?

அமெரிக்கா மட்டும் என்ன? 1987 ஏற்பாட்டின்படி பெரிய ட்ரோன்களை விற்பது கிட்டத்தட்ட முடியாத காரியமாக இருந்தது. அந்த இடைவெளியில் சீனா வளைகுடா நாடுகளுக்கு விங் லூங் என்ற பெரிய ட்ரோன் வகையை விற்றுவிட்டது, சீனா அந்த ஏற்பாட்டில் உறுப்பினரே இல்லை. சந்தை போகிறதே என்று வயிறு எரிந்ததும், மணிக்கு 800 கிலோமீற்றருக்குக் குறைவாகப் பறப்பவற்றை முதல் வகுப்பில் பார்க்கமாட்டோம் என்று 2020 ஜூலையில் வாஷிங்டன் தானாகவே வியாக்கியானம் சொல்லிக்கொண்டது. 2024 ஒக்டோபரில் இந்தியா அமெரிக்காவிடம் 31 எம்கியூ-9பி பெரிய ட்ரோன்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. விதி விதியாகவே இருக்கிறது, விற்க வேண்டியது விற்றுப்போகிறது.

கொட்டியாரம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கிண்ணியாவில் விவசாய உபகரணக் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது மூதூரில்.

பட்டியல் போட்டுத் தடுப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூதூர் கிழக்கு அரச கட்டுப்பாட்டில் இல்லாத காலத்தில் அந்தப் பக்கம் யூரியா கொண்டுபோக முடியாது, சீமெந்து முடியாது, எரிபொருள் அளந்துதான், பற்றரி அறவே கூடாது. யூரியா வெடிமருந்தாகும், பற்றரி கண்ணிவெடியாகும் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் வாப்பா வயலுக்குப் போகும்போது டோர்ச் லைட்டின் மூடியைத் திருகிப் பற்றரியை வெளியே கொட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, மீண்டும் உள்ளே போட்டுக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் மேலதிகமாக இருக்கும் இரண்டும் அங்கேயே நின்றுவிடும். திரும்பி வரும்போது அந்த டோர்ச்சில் அதே இரண்டும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தம்பி வாங்கப் போகும் கமராவுக்கு ‘இறுதியில் யார் கையில் இருக்கும்’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை வாப்பாவிடம் காகிதமில்லாமல் கேட்டார்கள்.

தடையால் கண்ணிவெடி நின்றதா? நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. தடுக்கப்பட்டவன் வேறு வழி பார்ப்பான். துருக்கி தன் கமராவைத் தானே செய்தது போல.

உவர்மலை_ஆசிரியை

கொட்டியாரம் நானா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்கமாட்டேன், அந்தச் சோதனைச் சாவடி வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மனம் ஒப்பவில்லை. அன்றைய தடை ஒரு பிரதேசத்தில் வாழ்ந்த எல்லோர் மீதும் விழுந்தது. விளக்கு எரிய வேண்டிய வீட்டிலும் விழுந்தது, உரம் வேண்டிய வயலிலும் விழுந்தது. இங்கே பேசுவது உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழியுள்ள ஒரு பொருளைப் பற்றி. 60 படக் கமரா தம்பிக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. காத்திருக்கச் சொல்கிறார்கள்.

வேறு வழி பார்ப்பார்கள் என்பதும் சரி. ஆனால் வேறு வழிக்கு ஒரு விலை உண்டு. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்கலாம், மின்சார மோட்டார் ஓட்ட முடியாது. நகல் இயந்திரம் அசலைவிடச் சீக்கிரம் தேய்கிறது, கடத்திய சில்லுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டும், ஒரு தொகுதி வந்து அடுத்த தொகுதி வராமல் போகிறது. முழுக்க நிறுத்த முடியாததால் தாமதப்படுத்துவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தாமதத்துக்குள் யாரோ ஒருவரின் கூரை தப்பிவிடுகிறது.

சந்தேகப்பிராணி

டீச்சர், கூரை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி இரவு திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு போட்டது என்ன விமானம்? செக் நாட்டில் செய்த ஸ்லின் 143, நான்கு பேர் உட்காரும் பயிற்சி விமானம். பறக்கப் பழகுபவர்களுக்கு விற்பது. ட்ரோன் என்ற பேச்சே வராத காலத்தில், எந்த ஆயுதப் பட்டியலிலும் இல்லாத சாமான் ஆகாயத்திலிருந்து வந்தது. அப்போது யார் எந்தப் படிவத்தை

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் பிற்பகுதியை நீக்கியிருக்கிறேன். போர்க்காலத்தில் யார் செய்தது சரி என்ற விவாதத்துக்கு இந்த இழை இடமில்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாடு, கமரா, ட்ரோன், யானை. இவற்றுக்குள் நில்லுங்கள்.

கோணேசபுரி

தம்பி இன்னும் ஒரு பக்கத்தைப் பார்க்கவில்லை. விற்பவர் அனுப்பிவிட்டால் மட்டும் போதுமா? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டுமே. நாட்டுக்குள்ளேயும் காகிதம் உண்டு.

ட்ரோன் பறக்கச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. அலைவரிசை பாவிக்கும் எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ட்ரோனும் அதன் பாகங்களும் என்றால் பாதுகாப்பு அமைச்சும் வாய் திறக்கும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதையே சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பயம் இன்னும் எந்த மேசையிலிருந்தும் முழுதாகப் போகவில்லை. திருகோணமலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். சீனன்குடாவில் விமானப்படைத் தளம், உட்துறைமுகத்தில் கடற்படை. தம்பலகாமத்திலிருந்து சீனன்குடா எட்டாத தூரமில்லை. பறக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கமராவை உங்கள் பெயரில் எடுக்க வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரில் எடுங்கள். பொதியின் மேல் ‘பாகங்கள்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். 2022 முதல் ட்ரோனுக்கென்றே 8806 என்று தனிச் சுங்கத் தலைப்பு இருக்கிறது, கமரா அதில் வராது. விபரம் தெளிவாக இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலை, மொட்டையாக இருந்தால் களஞ்சியத்தில் தூசி பிடிக்கும்.

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் நன்றி. கப்பல்காரன் அண்ணை சொன்னபடி வசனத்தை வெட்டி, ட்ரோனின் விபரத்தைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். விற்பனையாளர் கோபிக்கவில்லை. மறுநாளே பதில் வந்தது: 9 பட வகைக்கு இது போதும், பல்கலைக்கழகக் கடிதம் மட்டும் வேண்டும். துறைத்தலைவர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 60 பற்றிய எண்ணத்தை டீச்சரின் கணக்கோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி. பறக்கும் மென்பொருளுக்கு ஆர்டுபைலட் பாவிக்கிறேன். இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த நிரல். அதற்கும் ஏதாவது படிவம் உண்டா?

கப்பல்காரன்

இல்லை. பொதுவெளியில் எல்லோருக்கும் வெளியிடப்பட்ட நிரலை அமெரிக்க விதிகள் கட்டுப்பாட்டுக்கு வெளியே வைக்கின்றன. இந்த முழுக் கட்டடத்திலும் பெரிய ஓட்டை அதுதான், ஆனால் அடைக்கவும் முடியாது. 2025 ஜூன் 1ஆம் திகதி உக்ரேன், லொறிகளுக்குள் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களால் ரஷ்ய விமானத்தளங்களைத் தாக்கியதே, வெளிவந்த காணொளிகளில் தெரிந்தது அதே ஆர்டுபைலட்டின் திரை. பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்கள் சேர்ந்து எழுதிய நிரல் அது. கமராவுக்குச் சுங்கச் சாவடி உண்டு, கோப்புக்கு எங்கே சாவடி போடுவது?

ஜிபிஎஸ் கருவியில் மட்டும் பழைய பூட்டு ஒன்று இருக்கும். ‘கோகொம்’ என்ற பனிப்போர்க் காலத்துத் தடைக் குழுவின் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். 18 கிலோமீற்றர் உயரத்தையோ மணிக்கு ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் வேகத்தையோ தாண்டினால் பல கருவிகள் வேலை செய்யாது. ஏவுகணைக்காக வைத்த பூட்டு. உயரத்தில் பலூன் விடுபவர்கள்தான் அதில் போய் முட்டிக்கொள்கிறார்கள். மரத்தின் உயரத்தில் ஊர்ந்துவரும் ட்ரோனை அது தொடுவதே இல்லை.

கோணேசபுரி

கப்பல்காரன் அண்ணை, ஒன்று கேட்கிறேன். நாங்கள் சிறிய நாடு, ட்ரோன் செய்து விற்பவர்களும் இல்லை. வசெனாரிலும் இல்லை, 1987 ஏற்பாட்டிலும் இல்லை. எங்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்? இந்தியாவில் இருக்கும் என் நண்பனுக்கு அதே கமரா இவ்வளவு கேள்வியில்லாமல் போய்ச் சேர்ந்தது.

கப்பல்காரன்

உறுப்பினராக இல்லாததும் ஒரு காரணம். இந்தியா 2016இல் ஏவுகணை ஏற்பாட்டிலும் 2017 டிசெம்பரில் வசெனாரிலும் சேர்ந்தது. ‘ஸ்கொமெட்’ என்று சொந்தப் பட்டியல் வைத்திருக்கிறது. 2023 ஜூனில், 25 கிலோமீற்றர் தூரத்துக்கும் 25 கிலோ சுமைக்கும் உட்பட்ட பொதுப் பயன்பாட்டு ட்ரோன்களை ஏற்றுமதி செய்வதையும் எளிதாக்கியது. அங்கே அனுப்பும் பொருள் வேறெங்கும் போனால் கேட்க ஒரு சட்டமும் ஒரு மேசையும் இருக்கிறது என்ற நம்பிக்கை விற்பவருக்கு உண்டு.

எங்களிடம் இருப்பது 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அன்னியச் செலாவணிப் பஞ்சத்தை மனதில் வைத்து எழுதிய காலத்துச் சட்டம். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2004இல் நிறைவேற்றிய 1540ஆம் தீர்மானம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. பேரழிவு ஆயுதங்களோடு அவற்றைச் சுமக்கும் ‘ஏவுகணை, ரொக்கெட், பிற ஆளில்லாச் சாதனங்கள்’ என்று அதில் எழுதியே இருக்கிறது. அதற்கேற்ற காவல், கொழும்பு போல, வந்த கொள்கலனைத் திறக்காமலேயே அடுத்த கப்பலுக்கு மாற்றும் துறைமுகத்துக்குத்தான் முதலில் வேண்டும். 

வீணாகச் சொல்லவில்லை. யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கிகளின் பாகங்கள் மலேசியாவில் செய்யப்பட்டு துபாய் வழியாக லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது 2003 ஒக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்ற கப்பலில் பிடிபட்டன. அந்த வலையின் நடுவில் துபாயில் கடை வைத்திருந்த இலங்கையர் ஒருவர் இருந்தார். 2004 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி உரையொன்றில் அவர் பெயரையே சொன்னார். மலேசியா 2010இல் மூலோபாய வர்த்தகச் சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் அதற்கு முன்பே, 2002இலேயே இருந்தது. அவர்களுடைய வணிகர்களுக்கு இன்று படிவம் குறைவு என்றால் அதற்குக் காரணம் அந்த மேசை.

சந்தேகப்பிராணி

சட்டம் வந்தால் படிவம் இரண்டாகும், அண்ணை. அவர்களுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று. அதைப் பார்க்கும் மேசையில் இருப்பவருக்கு 9க்கும் 60க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டையும் பூட்டி வைப்பார்.

உவர்மலை_ஆசிரியை

அதற்குப் பயந்து மேசையே வேண்டாம் என்பதா? தெரிந்தவரை உட்கார வைக்கச் சொல்லுங்கள். என் மாணவிகள் இருவர் சுங்கத்தில் இருக்கிறார்கள், படிப்பிலே கெட்டிக்காரிகள்.

கொட்டியாரம்

அண்ணனிடம் கடைக்காரக் கேள்வி ஒன்று. வயலுக்கு மருந்து அடிக்கும் பத்து லீற்றர் ட்ரோன் ஒன்றைச் சீனாவிலிருந்து எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். 2023இல் கேட்டபோது கட்டுப்பாடு வந்துவிட்டது என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். இப்போது தருகிறோம் என்கிறார்கள். நம்பிப் பணம் அனுப்பலாமா?

கப்பல்காரன்

நானா, அவர்கள் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2023 ஜூலை 31இல் அறிவித்து செப்டெம்பர் 1 முதல் சீனா ட்ரோன் இயந்திரம், லேசர், தொடர்பாடல் கருவி, ட்ரோன் எதிர்ப்புக் கருவி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. அதோடு, பறக்கும் நேரம், நிறை போன்ற சில அளவுகளைத் தாண்டும் சாதாரண ட்ரோன்களுக்கும் தற்காலிகக் கட்டுப்பாடு போட்டது. நிறைக் கோடு கிளம்பும்போது 7 கிலோ, வெறுமையாக 4 கிலோ. பத்து லீற்றர் மருந்து மட்டுமே அதைத் தாண்டிவிடும். 2024 செப்டெம்பர் 1இல் அந்தத் தற்காலிகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அகச்சிவப்புக் கமரா, உயர் துல்லிய உணரிகள் பக்கம் இறுக்கினார்கள். பட்டியலில் இல்லாத ட்ரோனும் இராணுவ நோக்கத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் விற்கக்கூடாது என்பது மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே மருந்தடிக்கும் ட்ரோனை எடுக்கலாம். இரவில் யானை பார்க்க வெப்பக் கமராவும் சேர்த்துத் தருகிறோம் என்று ஆசை காட்டினால், அதைத் தனி விலைச்சிட்டையில் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் வந்து கமராவுக்குத் தடங்கல் என்றால் ட்ரோனும் சேர்ந்து நிற்கும், போகமும் போய்விடும். பணம் அனுப்புமுன் சிவில் விமான அதிகாரசபைக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் கையில் இருக்கட்டும். பதில் வரும் வேகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், மட்டுறுத்துநர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.